என் பெயரில் வந்த சீர்

ஆனையூரில் என் தங்கை வீட்டில் இரண்டு ஃபிரிட்ஜ். ஒன்றில் பால், தக்காளி. இன்னொன்றில் பட்டுப்புடவைகள். கரண்ட்டே பார்க்காத அந்த இரண்டாவது, அவள் மூத்த மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீராக நான் கொண்டுபோனது. பரணில் மிக்ஸி, கிரைண்டர், டின்னர் செட், எல்லாம் அட்டை பிரிக்காமல். ஊர் பார்க்கும் ஒரு காலைக்காக மட்டுமே பிறந்த பொருள்கள்.

போன பொங்கலுக்கு அவளேதான் சொன்னாள்.

"போதும்ணே. வீட்டுல நாங்க குடியிருக்கமா, சாமான் குடியிருக்கான்னே தெரியல. சின்னவன் காதுகுத்துக்கு ஒத்தத் தட்டு போதும். பழம், பூ, கடுக்கன், புள்ளைக்குத் துணி."

"ஒன் மாமனார் வீட்டுல?"

"அவுக பேசுனா நான் பேசிக்கிறேன்."

இதையே நான் வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி, விசேஷ வீடுகளில் என் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடக்கும். இப்போது என் ரத்தத்திலேயே ஓர் ஆள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குக் கிடைத்த வெயில் பக்கத்து சீட்டுகூடக் குளிர்ந்தது.

உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் தங்கை புகுந்த வீட்டுக் குலசாமி கோயில். காதுகுத்து அன்று தட்டை மடியில் வைத்து டவுன் பஸ்ஸில் போய் இறங்கினேன். ரோட்டு முக்கில் கொட்டுச் சத்தம். மினி லாரியில் சோபா, பீரோ, ஆள் உயர ஃபிரிட்ஜ். முன்னால் கட்டிய ஃப்ளெக்ஸில் 'தாய்மாமன் சீர்' என்ற எழுத்துக்குக் கீழே, கைகூப்பிச் சிரித்தபடி நான்.

தங்கை ஓடி வந்தாள். "தட்ட இங்கிட்டுக் குடுண்ணே. முன்னால போய் நில்லு, போட்டோக்காரர் காத்திருக்காரு."

"இம்புட்டும் யாரு வாங்குனது?"

"நாங்கதான். ஒம் பேருலதான வரணும். ஓரகத்தி வீட்டு விசேஷத்துக்கு எம்புட்டு எறங்குச்சு தெரியும்ல?"

"அப்ப பொங்கலுக்குச் சொன்னது?"

"அது சும்மா பேச்சுக்குச் சொன்னதுண்ணே."

பேச்சுக்கு. அந்தப் பேச்சுக்குள்தான் நான் இத்தனை மாதம் குடியிருந்தேன்.

அப்படியே பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். நடந்தேன். என் படம் முன்னே போனது, நான் அதன் பின்னே.

பந்தலில் அவள் மாமனார் என் தோளைத் தட்டினார். "மாமன்னா இப்படியில்ல இருக்கணும் மாப்ள."

"இதுல ஒண்ணுகூட நான் வாங்குனதில்ல மாமா. நான் கொண்டாந்தது ஒத்தத் தட்டுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். "செஞ்சதச் சொல்லிக்கிற மாட்டேங்கிறாரு பாரு" என்றார் அவர். பக்கத்தில் இருந்தவர் ஒத்து ஊதினார்: "எம் மச்சினனும் இருக்கானே, ஒரு குடத்தக் குடுத்துட்டு ஊர் ஊராச் சொல்லிக்கிட்டுத் திரியிறான்."

தங்கையைப் பார்த்தேன். வாய் திறக்க வேண்டாம், ஒரு தலையசைப்பு போதும். அவள் குனிந்து, சரியாகவே இருந்த பிள்ளையின் மாலையைச் சரிசெய்தாள். நிமிர வெகுநேரம் ஆனது.

ஆசாரி ஊசியை எடுத்தார். பிள்ளை என் சட்டையை இறுகப் பற்றி, "வலிக்குமா மாமா" என்றான். வலிக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.