மாஸ்டரின் வலது கால்

டிரைவிங் மாஸ்டர் வீடு எது என்று அந்த ஊரில் ஒரு காலத்தில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். பால்காரரில் தொடங்கி பல் டாக்டர் வரைக்கும், ஸ்டீயரிங் பிடித்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள்தான். "ஏன்யா, அது கிளட்சா, உன் மாமியாரா? அந்த மிதி மிதிக்கிறே!" என்று கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறையை ரோட்டில் இறக்கிவிட்டவர்.

வயசாகிப் பள்ளியை மூடினார், இரண்டு வண்டிகளையும் விற்றார். சரி, இனிமேலாவது வீட்டில் உட்காருவார் என்று பார்த்தால் அதுதான் இல்லை. ஊரைக் காலி செய்துகொண்டு, தானும் மனைவியுமாக ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார். பாதி நாள் ரயில், பாதி நாள் பஸ், நடுவில் துணி துவைத்துக்கொள்ள மகன் வீடு. மகனும் மருமகளும் அவர்களை லாட்ஜில் தங்க வந்தவர்கள் மாதிரி நடத்தப் பழகிக்கொண்டார்கள்.

பயணத்தில் அந்த அம்மாள் சுகவாசி. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டுவதற்குள் தூங்கிவிடுவார். மாஸ்டர் அப்படியா? டிரைவருக்குப் பின் சீட்டில் இடம் பிடித்துக்கொண்டு, ரோட்டையே முறைத்துக்கொண்டு வருவார். ரயிலில் மேல் படுக்கையில் படுத்தால்கூட சிக்னல் விழுந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பார். ஓடுகிற வண்டி எதிலும் அவர் கண் அசந்ததைக் கல்யாணமான நாளிலிருந்து மனைவி பார்த்தது கிடையாது.

எல்லாம் அந்த வலது கால் செய்கிற வேலை. பயிற்சி வண்டியில் மாஸ்டரின் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவன் கோட்டை விட்டால் மாஸ்டர் மிதித்து நிறுத்துவார். வேலையை விட்டும் கால் விடவில்லை. பஸ், டாக்ஸி, மாட்டு வண்டி எதில் உட்கார்ந்தாலும் முன்னால் ஒரு பூனை குறுக்கே போனால் போதும், வலது கால் தரையை ஓங்கி மிதிக்கும். சினிமாக் கொட்டகையில் திரையில் கார் வேகமாக வந்தபோது முன் சீட்டுக்காரரை உதைத்துவிட்டு மன்னிப்புக் கேட்ட ஆள் அவர்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒரே ஒரு மகள். அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததில்தான் மாஸ்டரின் மூக்கு உடைந்தது. லைசன்ஸ் டெஸ்டில் ஒரு முறை ஃபெயில். சரி, பதற்றம் என்று விட்டார். இரண்டாம் முறையும் ஃபெயில். மூன்றாம் முறை அவள் அப்பாவிடம் சொல்லாமல் பக்கத்துத் தெருப் பள்ளியில் சேர்ந்து, போன ஜோரில் பாஸ் பண்ணிக்கொண்டு வந்து நின்றாள். ஊர் சிரிப்பாய்ச் சிரித்தது. மாஸ்டருக்குத் தூக்குப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. அன்றிலிருந்து அவள் வண்டியில் ஏறினால் அவருக்கு வாய் சும்மா இருக்காது. "இண்டிகேட்டர் எங்கே? கண்ணாடியைப் பாரு. ஏம்மா, அவன் வர்றான் பாரு, வர்றான், வர்றான்... நிறுத்து!"

கல்யாணமாகி அதே ஊரிலேயே இருந்த அவள் வீட்டுக்குக் கடைசியாக வந்தபோது அந்த 'நிறுத்து'வை அவர் நாற்சந்தியில் நடுநாயகமாகக் கத்தினார். அவளும் நிறுத்தினாள். சாவியை உருவி அவர் மடியில் போட்டாள். "நீங்களே ஓட்டிக்கோங்க" என்று இறங்கி டாக்ஸி பிடித்துப் போயே போய்விட்டாள். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. அதற்கப்புறம் மூன்று வருஷம் எல்லாம் போனில்தான்.

இப்போது அவளே கூப்பிட்டிருந்தாள். "ரெண்டு பேரும் வந்து ஒரு மாசம் இருங்கம்மா. எனக்கும் ஆசையா இருக்கு. ஆனா அப்பா என் வண்டியில வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா இனிமே நானா கூப்பிட மாட்டேன்."

ரயில் ஊரை நெருங்கும்போது மனைவி கறாராகச் சொல்லிவிட்டார். "இதோ பாருங்க, எனக்கு இந்த ஒரு மாசம் வேணும். எம் பொண்ணு வீட்டுல நிம்மதியா உக்காந்து அவ மூஞ்சியைப் பாக்கணும். நீங்க ஒரு வார்த்தை பேசினீங்க, அவ்வளவுதான், தனியா ஊர் சுத்துங்க. உங்க மூக்குக்கண்ணாடி எங்கேன்னு அடுத்த சீட்டுக்காரனைக் கேளுங்க."

"பேச மாட்டேன்டீ. சத்தியம்."

"வாய் சரி. காலு?"

மாஸ்டருக்கு ஆத்திரம் வந்தது. மனைவி லேசுப்பட்டவரா என்ன? மகளுக்கென்று எங்கோ வாங்கிய பீங்கான் கப் பெட்டியைக் காட்டி, "இதை உங்க காலடியில வைக்கிறேன். காலை ஆட்டினா கப்பு போச்சு. ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

ஸ்டேஷன் வாசலில் மகள் காத்திருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்பாவைப் பார்த்து, "இளைச்சுட்டீங்களேப்பா" என்றாள். இந்தப் பொண்ணை மூன்று வருஷம் பார்க்காமல் இருந்தோமே, நமக்கெல்லாம் புத்தி எங்கே போச்சு என்று தன்னையே திட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். பெட்டி காலடியில் ஏறியது. மனைவி பின்னால் ஏறினார், கதவு சாத்துவதற்குள் தூங்கினார்.

மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் சிக்னல் தாண்டியது. வாயைத் திறக்கவில்லை. ஒரு லாரி ஒட்டிக்கொண்டு போனது. அப்போதும் திறக்கவில்லை. மகள்கூட ஓரக்கண்ணால் பார்த்து, "பரவாயில்லையேப்பா!" என்று சிரித்தாள். அந்தப் பாழாய்ப்போன நேரம் பார்த்து ஒரு சைக்கிள்காரன் சந்திலிருந்து விருட்டென்று வந்தான்.

மகள் அழகாக வேகத்தைக் குறைத்து அவனுக்கு வழி விட்டாள். அதற்குள் காலடியில் 'சளக்' என்று ஒரு சத்தம்.

பின் சீட்டில் தூக்கம் கலைந்தது. "போச்சா?"

"நான் ஒண்ணுமே பேசலியே!" என்றார் மாஸ்டர். அவர் கால், ஷூவோடு, கப் பெட்டிக்குள் கணுக்கால் வரை இறங்கியிருந்தது.

மகள் சிரிப்பாள் என்று அவர் நினைத்தார். சிரித்திருந்தால் தேவலை. வண்டியை ஓரமாக நிறுத்தி, முன்னால் பார்த்தபடியே சொன்னாள். "எனக்கே பையன் காலேஜ் போறான்பா. இத்தனை வருஷமா ஓட்டறேன், ஒரு கீறல் கிடையாது. நீங்க திட்டினாக்கூடத் தாங்கிடுவேன். பக்கத்துல உக்காந்து உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு வர்றீங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல. நாளைக்கு உங்களை உங்க பழைய மெக்கானிக் மாமா வீட்டுக்கு நான் கொண்டு விடறேன், போன்லயே ஒத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் எங்க போறதுன்னாலும் டாக்ஸி வெச்சுக்கோங்க."

வீடு வந்தது. உடைந்த கப்புகளை மனைவி குப்பையில் கொட்டும்போது வேண்டுமென்றே மெதுவாக, ஒவ்வொன்றாகக் கொட்டினார்.

மறுநாள் சாயங்காலம் மாஸ்டரை மெக்கானிக் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, அம்மாவும் மகளும் கடைக்குப் போனார்கள். மெக்கானிக் அந்தக் காலத்தில் மாஸ்டரின் வண்டிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். பட்டறையை மகன் கையில் கொடுத்துவிட்டு, அதை ஒட்டிய முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவனுக்குக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்னொரு நாற்காலியில் இன்ஸ்பெக்டர். லைசன்ஸ் டெஸ்ட் வைத்து ஊரையே வியர்க்க வைத்தவர். இப்போது கண் பரிசோதனையில் தோற்று அவருடைய லைசன்ஸே போய்விட்டது. பேத்தியின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தார்.

"வாய்யா மாஸ்டர்! என்ன, மூஞ்சி தொங்கிப்போய்க் கிடக்கு?"

மாஸ்டர் கப்பு உடைந்த கதையைச் சொன்னார். ரெண்டு கிழங்களும் இருமல் வரும் வரை சிரித்தார்கள். மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆறு கப்புமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தார்.

"சிரிங்கய்யா, சிரிங்க. பக்கத்துல உக்காந்து பாத்தா தெரியும் என் வயித்தெரிச்சல். ரெண்டு தடவை ஃபெயிலானவ ஓட்டற வண்டியில எப்படி நிம்மதியா உக்கார்றது? நீதானே ஃபெயில் போட்டே?" என்று இன்ஸ்பெக்டர் மேல் பாய்ந்தார் மாஸ்டர்.

இன்ஸ்பெக்டர் சிரிப்பை நிறுத்தினார். "எதுக்குப் போட்டேன்னு என்னிக்காவது கேட்டியா? ஒரு வருஷம் என் முகத்துல முழிக்காமத் திரிஞ்சே."

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? அவளுக்கு ஓட்ட வரல."

"யாருக்கு வரல? யோவ், உன் பொண்ணு கியர் மாத்தினா வண்டியில இருக்கறவனுக்கே தெரியாதுய்யா. வளைவு, ரிவர்ஸ், மேடு எல்லாம் கச்சிதம். ஆனா முன்னாடி வண்டி நிக்குது, சிக்னல் சிவப்பு, இவ காலைப் பிரேக் மேல வெச்சுட்டு அமுக்காம உக்காந்திருக்கா! உன் பக்கத்துப் பிரேக்கை நான் மிதிச்சுத்தான் ரெண்டு பேரும் பொழைச்சோம். ரெண்டாவது தடவையும் அதே கூத்து. ஏம்மா பிரேக் போடலேன்னு கேட்டேன். திருதிருன்னு முழிச்சா. 'அப்பா போட்டுடுவாரு சார்'னு சொன்னா."

மாஸ்டர் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

மெக்கானிக்கும் சேர்ந்துகொண்டார். "நான் அப்பவே நினைச்சேன். மத்த பசங்க போய் முட்டப்போற வரைக்கும் கையைக் கட்டிட்டு வேடிக்கை பாப்பே நீ. அப்பதான் புத்தி வரும்பே. உன் பொண்ணு கத்துக்கிட்ட வருஷம் உன் பக்கத்துப் பெடல் ரப்பரை ரெண்டு தடவை மாத்தினேன்யா நானு. அவ மிதிக்கறதுக்கு நீ எங்க விட்டே?"

"அப்ப அந்தப் பக்கத்துத் தெருக்காரன்? அவன் மட்டும் என்னத்தைச் சொல்லிக் கொடுத்தான்?"

"ஒண்ணும் சொல்லிக் கொடுக்கல" என்றார் இன்ஸ்பெக்டர். "அவன் ஊரறிஞ்ச சோம்பேறி. பக்கத்துல உக்காந்து பேப்பர் படிப்பான். எவனும் மிதிக்க மாட்டான்னு தெரிஞ்சதும் அவளே மிதிச்சா. அவ்வளவுதான்யா விஷயம்."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. வாசலில் நிற்கிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பயம்தான். வேறென்ன? ஊரான் பிள்ளை முட்டினால் பம்பர்தான் நசுங்கும். இவள் முட்டினால்? அந்த நினைப்பு வரும்போதே கால் இறங்கிவிடும். தான் பயந்ததற்கு அவள் ஃபெயிலாகியிருக்கிறாள். அது தெரியாமல் இத்தனை வருஷம் அவளையே வேறு திட்டியாகிவிட்டது. டீ ஆறி ஆடை கட்டியது. மெக்கானிக் பாவம் பார்த்து வேறு டீ கொண்டுவரச் சொன்னார்.

வாசலில் ஹாரன் கேட்டது. இன்ஸ்பெக்டர் முழங்கையால் இடித்தார். "போ. கப்பு எதுவும் மிச்சமிருக்கா?"

மாஸ்டர் முன் கதவைத் திறந்தார். செருப்பைக் கழற்றினார். சீட்டில் ஏறி, முழங்கால் கடகடக்க இரண்டு காலையும் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதற்கு மேல் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

மகள் வெறித்துப் பார்த்தாள். "என்னப்பா இது?"

"ஒண்ணுமில்லம்மா. நீ ஓட்டு."

"கால் வலிக்குதா?"

"ஓட்டும்மான்னா."

மனைவி பின்னாலிருந்து, "விடுடீ, இது ஏதோ புது வைத்தியம்" என்றார்.

வண்டி நகர்ந்தது. கடைத்தெருவில் முன்னால் ஒரு வேன் ரிவர்ஸில் வந்தது. மடங்கிக் கிடந்த வலது கால் துள்ளியது, மிதிக்கத் தரை அகப்படவில்லை. வண்டி மெத்தென்று நின்றது, அப்புறம் மெத்தென்று கிளம்பியது. அடுத்த சிக்னலில் துள்ளல் குறைந்தது. அதற்கு அடுத்த வளைவில் அவள் கியரை மாற்றியது அவருக்கே தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் சொன்னது நிஜம்தான் என்று நினைத்துக்கொண்டார். இறக்கிவிட்ட கண்ணாடி வழியாகச் சாயங்காலக் காற்று வந்தது.

அவர் கண் விழித்தபோது வண்டி மகள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் சத்தம் இல்லை. தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. மகள் ஸ்டீயரிங் மேல் கையை வைத்தபடி அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின் சீட்டில் மனைவி கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, ஏன் நிக்குது? எங்க இருக்கோம்?"

"வந்து அரை மணி நேரமாச்சுப்பா."

"எழுப்பறதுக்கென்ன?"

"நான்தான் எழுப்பாதேன்னேன்" என்றார் மனைவி. குரல் ஒரு மாதிரி இருந்தது. "கல்யாணமாகி இன்னிக்குத்தான் வண்டியில நீங்க தூங்கிப் பாக்கறேன். இவ அழுதுக்கிட்டே ஓட்டினா."

"நான் தூங்கல. சும்மா கண்ணை மூடினேன்."

"வாயைத் திறந்துட்டுக் குறட்டை விட்டீங்க" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள் மகள். "வாயைத் திறக்கக் கூடாதுன்னுதானே சொன்னேன்?"

மாஸ்டர் அவசரமாக இறங்கப் போனார். மடங்கிக் கிடந்த வலது கால் மரத்துப்போய், தன் கால் மாதிரியே இல்லை. மகள் சுற்றிக்கொண்டு ஓடிவந்து தோளைக் கொடுத்தாள். அவர் அவளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார்.

"நல்லா ஓட்டறேம்மா" என்றார். பிறந்ததிலிருந்து அவள் கேட்காத வார்த்தை.

"நீங்கதான் பாக்கவே இல்லையேப்பா!"

"அதனாலதான் சொல்றேன்" என்றார் மாஸ்டர். "நாளைக்கு டாக்ஸி எல்லாம் வேண்டாம்."