மாமா இறங்காமல் போன நாள்

மாமா விமானம் ஓட்டப் பழகிய காலத்தில், வெள்ளவத்தையில் எங்கள் மொட்டைமாடிதான் எனக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரம். கடலோரமாக இரத்மலானை விமானத்தளத்துக்குப் போகும் குட்டி விமானம் எதுவானாலும், அதற்குள் மாமாதான் என்று கையசைப்பேன்.

அவர் தனியே ஓட்டத் தொடங்கியபின் ஒருநாள் குடும்பமாகப் பார்க்கப் போனோம். புது வாகனத்துக்கு வைப்பதுபோல் சக்கரத்தின் கீழ் வைக்க அம்மா தேசிக்காய் கொண்டுவந்திருந்தார். வேலிக்கு அப்பால் விடாததால் அது அவர் கைப்பையிலேயே கிடந்தது.

கடற்காற்று ஓடுபாதைக்குக் குறுக்கே அடித்தது. மாமாவின் விமானம் மூக்கைக் கடல்பக்கம் திருப்பியபடி கோணலாக வந்தது. இதோ சக்கரம் தொடப்போகிறது என்று நான் துள்ள, அது இரைந்துகொண்டு மேலே ஏறிவிட்டது. இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரம்தான் இறங்கியது.

"இஞ்சேரும், என்ன உம்மட தம்பி, ஹோல்ட்டில நிக்காத நூறாம் நம்பர் பஸ் மாதிரி?" என்றார் அப்பா.

காலி வீதி பஸ் தரிப்பிடத்தில் நின்று அந்த பஸ்ஸுக்குக் கைகாட்டிக் களைத்தவர்கள் நாங்கள். அம்மாவே சிரித்துவிட்டார். மாமாவும் சிரித்தார். அன்றிலிருந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவருக்கு அப்பாவின் அதே வரவேற்பு: "வாரும் நூறு, இண்டைக்காவது நிப்பாட்டினீரோ?"

இப்போது நானும் பழகுகிறேன். குறுக்குக் காற்றில் மூக்கைக் காற்றுப்பக்கம் திருப்பினால்தான் நேராக வரலாம். தரையைத் தொடுமுன் காலால் மிதித்து மூக்கை நேராக்க வேண்டும். அந்த நேரம் காற்று தள்ளினால், வெட்கப்படாமல் மேலே போய்விட வேண்டும். அப்படிப் போனதற்காக என் ஆசிரியர் முதுகில் தட்டினார். மாமா இரண்டு தரம் செய்ததும் அதைத்தான்.

மாமா ஓட்டுவதைப் பார்க்க அடுத்தமுறை நாங்கள் போனபோதும் அதே காற்று. விமானம் கோணலாக வந்தது, ஆடியது, ஆனால் ஏறவில்லை. சக்கரம் தொட்டதும் கைதட்டினோம். தட்டிக்கொண்டிருக்கும்போதே அது பாதையை விட்டுப் புல்லுக்குள் ஓடி, இறக்கை நிலத்தில் உரசச் சரிந்து நின்றது.

மாமாவுக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் அதன்பின் அவர் ஓட்டவேயில்லை. இன்றைக்கும் விமானச் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்கமாட்டார்.

அன்று வேலியருகே வந்தவர், அழுதுகொண்டு நின்ற அம்மாவைக்கூடக் கவனிக்கவில்லை. முகமெல்லாம் வியர்வை. அப்பாவைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

"ஒரே தரத்தில இறக்கிட்டன் அத்தான், பாத்தியளோ?"

அப்பா ஏன் தலைகுனிந்தார் என்று எனக்கு விளங்கவில்லை. நான்தான் முந்திக்கொண்டு, "ஓம் மாமா, பாத்தனாங்கள்!" என்றேன்.