காற்று என்று எழுதியவர்

தொண்ணூறுகளின் கடைசியில், மலேசியாவில் கிள்ளான் பக்கம் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தைச் சோதனைக்காக மூடியிருந்தார்கள். காத்திருந்த வரிசையில் என் லோரிதான் முதல். பாலத்தடியில் சென்சார் பெட்டிகளை ஒட்டியவர், மடியில் கம்ப்யூட்டரோடு சாலையோரம் உட்கார்ந்திருந்தார். ஒல்லி உடம்பு, வெயிலில் வெளுத்த மஞ்சள் ஹெல்மெட். அடிக்கடி பாலத்துச் சுவரை விரல் முட்டியால் இரண்டு முறை தட்டுவார், யார் வீட்டுக் கதவையோ தட்டுவதுபோல.

பாலம் அதிர்ந்தால் பெட்டிகள் ஒயரில்லாமலே சொல்லிவிடுமாம். நான் இறங்கிப் போய்ப் பார்த்தபோது திரையில் நேர்கோடு ஓடியது. திடீரென்று அது சீராகத் துள்ளத் தொடங்கியது.

"வண்டியே போகலையே, என்ன பாஸ் அது?"

"ஆளு நடக்குற மாதிரி இருக்கு லா. ஒவ்வொரு பெட்டியா தாண்டி வருது. மூணு நாளா டெஸ்ட் பண்றோம், மூணு நாளும் வந்துச்சு."

பாலத்தில் ஒருவருமில்லை.

"ரிப்போர்ட்ல என்ன எழுதுவீங்க?"

"காத்துன்னு எழுதிடுவேன்."

அன்று ஓர் இலைகூட அசையவில்லை.

கோடு மறுபடி நேரானது. தடுப்பை எடுத்தார்கள். நான் இஞ்சினைக் கிளப்பியதும் அவர் ஓடிவந்து லோரிக் கதவைத் தட்டினார், அதே இரண்டு தட்டு.

"மெதுவா போங்க அண்ணே. அது இந்தப் பக்கம் வந்து சேரல. நடுவுலயே நின்னுடுச்சு."

அவரை அப்புறம் பார்க்கவேயில்லை. நடுப்பாலத்தில் ஹாரனை இரண்டு முறை அடித்துவிட்டுத்தான் இன்றும் போகிறேன்.