மிலிட்டரிக்கு ரெண்டு நிமிசம்

பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது நானும் என்கூடப் படித்த அவனும் ஒன்றாகத்தான் போனோம். மார்பை அளந்தவர் மூச்சை இழுத்து விரிக்கச் சொன்னார். நான் இழுத்தேன், வயிறுதான் விரிந்தது. அவனை எடுத்துக்கொண்டார்கள். என்னை பஸ் ஏற்றிவிட்டார்கள். அவன் கார்கில் மலையிலிருந்து தொடையில் குண்டுச் சில்லோடு திரும்பி வந்தான். நான் உத்திரமேரூரில் உரக்கடை வைத்து, ஊர் விழாக்களில் மைக் பிடிக்கிறவன் ஆனேன்.

ஊரில் அவனுக்கு மிலிட்டரி என்றுதான் பேர். ராணுவ கேண்டீனில் மாதாமாதம் கிடைக்கும் ரம் பாட்டிலை வைத்துத்தான் ஊர் அவனை ஞாபகம் வைத்திருந்தது. அதில் ஒன்று பள்ளிக்கூட சிநேகிதத்துக்காக என் கடைக்கு வந்துவிடும்.

போன வருஷம் கார்கில் வெற்றி நாளைப் பள்ளி மைதானத்தில் கொண்டாட ஏற்பாடு செய்தார்கள். மைக் நான்தான் என்று தெரிந்ததும் கடைக்கு வந்தான்.

"டேய், எனக்கு ரெண்டு நிமிசம் மைக் குடு. சால்வ கீல்வ ஒண்ணியும் வோணாம்."

"இன்னா பேசப் போற?"

"என்கூட இருந்தவனுங்க மூணு பேரு அங்கயே பூட்டானுங்க. அவனுங்க பேர ஒரு தபா சத்தமா சொல்லிட்டு எறங்கிடறேன். இந்த ஊர்ல நாலு பேரு காதுல வுழட்டும்."

"அவ்ளோதானா? கடைசியா கூப்புடறேன். ஈரோ கடைசிலதாண்டா வருவான்."

அவன் கொஞ்சம் தயங்கினான். "மொதல்லயே சொல்லிட்டேன்னா பரவால்லடா."

"மைக்கப் பத்தி எனக்கே சொல்றியா?" என்றேன். விழாவில் முக்கியமான ஆளைக் கடைசியில் கூப்பிடுவது என் தொழில் ரகசியம். கூட்டம் கலையாது என்று நம்பியிருந்தேன்.

அன்று ஆடி வெள்ளி. காலையிலேயே இஸ்திரி போட்ட சட்டையில் மெடலைக் குத்திக்கொண்டு வந்துவிட்டான். மேடையில் பிரமுகர்கள் பதினாறு பேர். அவனுக்கு மேடைக்குக் கீழே ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பதினாறு பேருக்கும் சால்வை போர்த்தினார்கள். ஒவ்வொரு சால்வைக்கும் நான் நாலு வரி புகழ்ந்தேன். துப்பாக்கியைத் தீபாவளிக்கு மட்டும் தொட்டவர்களையெல்லாம் மாவீரன் ஆக்கினேன். நடுவில் கூட்டம் நெளிந்தது. ஒரு ஜோக் வேண்டியிருந்தது.

"நம்ம மிலிட்டரி எல்லையக் காப்பாத்துனாரு. இப்ப மாசாமாசம் நம்ம தொண்டையக் காப்பாத்தறாரு."

மேடை குலுங்கிச் சிரித்தது. அவன் சட்டைப் பையிலிருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

பதினாறாவது ஆள் பேசி முடித்தபோது சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு ஓடின. பிரமுகர்கள் காரைத் தேடிப் போனார்கள். நான் அவசரமாக அவனைக் கூப்பிட்டேன். மேடைப் படியை ஒவ்வொன்றாகப் பிடித்து ஏறி வந்தான். காகிதத்தை விரித்து, மைக்குக்கு முன்னால் நேராக நின்றான். அதற்குள் மைக்செட்காரர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார்.

"ரெண்டே நிமிசம்பா," என்றேன்.

"இன்னாணா நீ, பெருநகர் அம்மன் கோயில்ல கூழு ஊத்தறாங்க. செட்டு இன்னேரம் அங்க இருந்திருக்கணும். ஆத்தா காத்துக்கினு கீது."

"இவரு போர்ல அடிபட்டவருப்பா."

"அவர மொதல்ல கூப்பிட்டிருக்கணும்."

ஸ்பீக்கரை இறக்கி டாட்டா ஏஸ் வண்டியில் ஏற்றினார்கள். எதிரே காலி நாற்காலிகள். ஒயர் இல்லாத மைக்கைப் பார்த்துவிட்டு, அவன் காகிதத்தை மடித்தான்.

"மைக் இல்லன்னா இன்னாடா. சத்தமா சொல்லு, நான் கேக்கறேன்."

"நீ கேட்டா ஜோக்கா பூடும்," என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மைதானத்து வாசலில் காருக்குள்ளிருந்து ஒரு சால்வை எட்டிப் பார்த்தது. "மிலிட்டரி, இந்த மாசம் கோட்டா வந்துச்சா?"

"வந்துச்சு சார்," என்று சொல்லிவிட்டு நடந்தான்.

இந்த வருஷமும் விழா நடந்தது. மைக் நான்தான். முதலில் கூப்பிட வேண்டும் என்று அவன் பேரைப் பட்டியலின் தலையிலேயே எழுதி வைத்திருந்தேன். மூன்று தடவை கூப்பிட்டேன். அவன் வரவில்லை. அந்த மூன்று பேர் யாரென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பாட்டில் மட்டும் மாதாமாதம் வருகிறது. கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டு, பேசாமல் போய்விடுகிறான். வேண்டாம் என்று நானும் ஒரு மாதம்கூடச் சொன்னதில்லை.