மிதக்கும் படிக்கட்டின் கீழே

ஒரு கட்டடம் அழகாக இருக்கிறது என்று வாயைப் பிளக்கிறீர்களே, அதைக் கூட்டித் துடைப்பவர் எந்த மூலையில் உட்கார்ந்து சோறு தின்கிறார் என்று எப்போதாவது கேட்டதுண்டா?

வூ மல்யோ வேலை பார்த்த கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை. மல்யோ என்றால் கடைசிப் பெண். நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததும், இத்தோடு போதும் என்று அப்பன் வைத்த பெயர். நம் ஊர்ப் போதும்பொண்ணுக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினான்கு வயதில் தெற்கேயிருந்து ரயிலேறி சியோலுக்கு வந்தாள். சோங்கேசோன் சந்தையில் துணி தைக்கும் பட்டறையில் எடுபிடி வேலை. பட்டறை முதலாளி ஒரே மாடிக்கு நடுவே பலகை அடித்து இரண்டு மாடியாக்கியிருந்தான். அந்தப் பலகைக்கு மேலே பெண்பிள்ளைகள் நாள் முழுக்கக் குனிந்தே நடந்தார்கள். ஒருமுறை அரசாங்க ஆய்வாளர் வந்தபோது, முதலாளி கண் காட்டினான். "எனக்கு வயசு பதினாறு" என்றாள் மல்யோ. ஆய்வாளர் எழுதிக்கொண்டு போனார்.

பிறகு கல்யாணம், சாரத்திலிருந்து விழுந்து செத்த புருஷன், ஓட்டலில் பாத்திரம் தேய்த்த காலம். கடைசியில் உல்ஜிரோ வட்டாரத்தின் இந்தச் செங்கல் கட்டடத்தில் துப்புரவு வேலை. அறுபத்தாறு வயதாகிவிட்டது.

கட்டடத்தின் பெருமை அதன் படிக்கட்டு. தரையைத் தொடாமல் வளைந்து வளைந்து ஏறுவது போலத் தோன்றும். அதன் கீழே, சுவரோடு சுவராகச் சாம்பல் நிறம் பூசிய ஒரு கதவு. அதற்குள்தான் மல்யோவும் அவள் கூட்டாளி சுன்தொக்கும் இளைப்பாறினார்கள். சாய்ந்த கூரை, தலைக்கு மேலே கழிவுநீர்க் குழாய், தரையில் அட்டைப்பெட்டி விரித்து அதன்மேல் சூடேற்றும் மின்பாய். உட்கார்ந்தால் கழுத்தை மடக்க வேண்டும். பட்டறையின் பலகைக் கூரை ஐம்பது வருஷம் கழித்துத் தன்னைத் தேடி வந்துவிட்டதாக மல்யோ சொல்வாள்.

அக்டோபரில் இரண்டு நாள், நகரம் தன் பேர்பெற்ற கட்டடங்களைத் திறந்து காட்டும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மேலாளர் ஹாம் வந்து நின்றார்.

"கூட்டம் உள்ள இருக்கறப்ப நீங்க ரெண்டு பேரும் கண்ணுல படக் கூடாது. ரூமுக்குள்ளயே இருங்க. கிம்ச்சி ஊறுகா டப்பாவத் தொறக்காதீங்க, வாசன படியேறி வரும்."

"அப்ப குசு விடலாமா சார்? அதுவும் படியேறுமே" என்றாள் சுன்தொக்.

ஹாம் சிரிக்கவில்லை. மல்யோவைப் பார்த்தார். "வயசாச்சே, இன்னும் எதுக்கு வச்சிருக்கீங்கன்னு கம்பெனியில கேக்கறாங்க. டிசம்பர்ல ஒப்பந்தம் புதுப்பிக்கணும். இந்த ரெண்டு நாளும் ஒரு பேச்சு வராம ஓடட்டும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

இந்த வேலை போனால் அடுத்து தெருவில் அட்டைப்பெட்டி பொறுக்கி எடைக்குப் போடுவதுதான். மல்யோ தலையாட்டினாள்.

சனிக்கிழமை காலையிலிருந்து ஒரு குழு போனதும் ஓடிப்போய்ப் படிகளைத் துடைப்பது, அடுத்த குழுவின் சத்தம் கேட்டதும் ஓடிவந்து ஒளிவது என்று போயிற்று. மதியத்துக்குள் முழங்கால் செத்துவிட்டது. இருட்டில் படுத்துக்கிடந்தார்கள். தலைக்கு மேலே காலடிச் சத்தம், வழிகாட்டியாக வந்த கட்டடக் கலைஞரின் இளங்குரல்: "பாருங்க, இந்தப் படிக்கட்டுக்கு எடையே இல்லாத மாதிரி இருக்கு."

"எடையெல்லாம் நம்ம மேலதான் இருக்கு அக்கா" என்று கிசுகிசுத்தாள் சுன்தொக்.

"வாய மூடுடி, டிசம்பர்."

காலடிகள் இறங்கின. கதவுக்கு வெளியே வந்து நின்றன. பிறகு, தரையில் எதையோ மெதுவாக வரிசையாக வைக்கும் சத்தம். கதவு திறந்தது. வெறும் காலுறையோடு ஒரு நடுவயதுக்காரர் குனிந்து நுழைந்தார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர், எல்லாரும் காலுறையோடு, பணிவாக வரிசையில்.

தரையில் உட்காரும் அறைக்குள் யார் செருப்போடு போவார்கள்? வழக்கம்போல மல்யோவும் சுன்தொக்கும் வாசலில் கழற்றி, முனை வெளிப்பக்கம் பார்க்க வைத்திருந்தார்கள். ஓடி ஒளியும் அவசரத்திலும் கை தன் வேலையைச் செய்துவிட்டது.

"வெளிய செருப்பு இருந்துச்சு. இதுவும் காட்சி அறைன்னு..." என்றபடி அவர் நிமிர்ந்தார்.

"நிமிராதீங்க!" என்று மல்யோ சொல்வதற்குள் அவர் தலை குழாயில் இடித்தது.

வழிகாட்டி ஓடிவந்தாள். "அது ஸ்டோர் ரூம், நம்ம பாதையில இல்ல. வாங்க, வாங்க."

"ஸ்டோர் ரூம்னா, இவங்க யாரு?" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

ஹாம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "மாப் எடுக்க வந்தவங்க. அப்படித்தானே, மல்யோம்மா?"

பட்டறை முதலாளி காட்டிய அதே கண்ஜாடை. ஆமாம் என்று சொன்னால் போதும். பொய்க்கு அவள் கூசியவளும் அல்ல. ஆனால் அந்த ஜாடையை அவள் ஐம்பது வருஷமாகப் பார்த்துவிட்டாள். கழுத்து வலித்தது. ஆமாம் என்று சொல்லக்கூடத் தெம்பில்லை.

"இது எங்க ரூம்" என்றாள். "இங்கதான் சாப்பிடறோம், படுக்கறோம். நிமிந்து உக்கார முடியாது. பாத்தாச்சுன்னா கதவ மூடிட்டுப் போங்க. கால் வலிக்குது."

தலையில் இடித்துக்கொண்டவர் மன்னிப்புக் கேட்டார். எல்லாரும் செருப்பை மாட்டிக்கொண்டு மொட்டைமாடி பார்க்கப் போனார்கள்.

திங்கட்கிழமை அந்தக் கதவில் பலகை தொங்கியது: பொருள் அறை, நுழையாதீர். செருப்பை இனி உள்ளேயே வைத்துக்கொள்ளச் சொன்னார் ஹாம். "தலமாட்டுலயா கால்மாட்டுலயா?" என்று கேட்டாள் சுன்தொக். டிசம்பரில் மல்யோவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் வயது என்றார்கள். இப்போது அவள் அதே தெருக்களில் கைவண்டி தள்ளுகிறாள். சுன்தொக் அந்தக் கட்டடத்தில் சேரும் அட்டைப்பெட்டிகளைக் குப்பையில் போடாமல் இவளுக்காக எடுத்து வைக்கிறாள்.

உழைப்பவர் இளைப்பாறும் இடம் இப்படி இருக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டத்துக்குப் புகார் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். உள்ளே இருப்பவர் வாய் திறந்தால் டிசம்பரில் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டீர்கள். பார்க்க வருகிற உங்களுக்கு டிசம்பர் பயம் இல்லை.

அதனால், அடுத்தமுறை ஏதாவது படிக்கட்டின் கீழே இரண்டு ஜோடிச் செருப்பைக் கண்டால் கதவைத் தட்டாதீர்கள். அவர்கள் கொஞ்சம் கண்ணயரட்டும். வெளியே வந்து, அந்தக் கட்டடத்தைப் பற்றித் தொழிலாளர் துறைக்கு உங்கள் பெயரில், உங்கள் கையெழுத்தில் ஒரு புகார் எழுதுங்கள்.