மலைக்குப் போவதாகச் சொன்ன சனிக்கிழமைகள்

சாவதற்கு முந்தைய ஆறு மாதமும் அம்மா என்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளோடு வேலை பார்த்த டீச்சர்களைக் கேட்டால் அவளைப் போல ஒரு நேர்மையான மனுஷி கிடையாது என்பார்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனாலும் என்னிடம் பொய்தான் சொன்னாள்.

எண்பதுகளில் நாங்கள் கம்பைநல்லூரில் இருந்தோம். அப்பாவுக்கு ஊருக்கு வெளியே கிணற்றுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நிலம். அம்மா தொடக்கப்பள்ளி டீச்சர். நான் ஒரே மகள். அம்மாவுக்கு வீட்டில் கால் தங்காது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் முக்காட்டை எடுத்துவிட்டு நேராக பஸ் நிற்கும் இடத்துக்கு நடப்பாள்.

"இந்த பஸ்ஸு எங்க போயி நிக்குதுன்னு பாத்துட்டு வரலாம் வா கண்ணு" என்பாள்.

அப்படித்தான் கடத்தூரைப் பார்த்தேன், ஊத்தங்கரையைப் பார்த்தேன். கடைசி நிறுத்தத்தில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்புவோம். தீர்த்தமலைச் சிவன் கோயிலுக்குக் கூட மூன்று முறை ஏறியிருக்கிறோம். எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்த அம்மா ஒருத்தி, "டீச்சரு கோயிலுக்கெல்லாம் போறீங்களாமே" என்று கேட்டபோது, "மேல நின்னு பாத்தா நம்ம சர்ச்சுகூடத் தெரியுமான்னு பாக்கப் போனனுங்க" என்று சிரித்தாள். தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை சித்தேரி மலை. அரூரில் பஸ் மாறி, அடிவாரத்தில் இறங்கி நடக்க வேண்டும். என்னோடு போனால் நான்கு மணி நேரம், தனியாகப் போனால் மூன்று. டயர் செருப்பு, தூக்கிச் செருகிய புடவை, தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் டிஞ்சர், பஞ்சு, சிரங்கு மருந்து, மனு எழுத வெள்ளைத்தாள். அவளை யாரும் அனுப்பவில்லை. சும்மா சுற்றிப் பார்க்கப் போனவள், உடம்பெல்லாம் சிரங்கோடு இருந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் மருந்தோடு போனாள். அப்படியே பழகிவிட்டது. ஏழாவது படிக்கும்போதிலிருந்து நானும் கூடப் போனேன்.

நான் எட்டாவது படித்த வருஷம், மலையில் ஒரு பெண்ணுக்கு இரண்டு நாளாகப் பிரசவ வலி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் குரலே போயிருந்தது. அம்மா மூங்கிலில் கம்பளியைக் கட்டி அவளைப் படுக்க வைத்து நான்கு ஆண்களைத் தூக்கச் சொன்னாள். மழை பெய்து பாதை வழுக்கியது. பாதியில் ஆண்கள் இறக்கி வைத்துவிட்டு, இனி பிழைக்காது, திரும்பிவிடலாம் என்றார்கள்.

"நானும் ஒரு பக்கம் புடிக்கறேன். தூக்குங்க" என்றாள் அம்மா. சொன்னபடி பிடித்தாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். அரூர் ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. அம்மா இரண்டு நாள் அந்தப் பெண்ணோடேயே இருந்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அவள் எனக்கு அக்கா. மலையில் எங்களுக்குச் சாப்பாடு அவள் வீட்டில்தான்.

பிளஸ் டூ போனதும் அம்மா என்னை நிறுத்தினாள்.

"இந்த வருசம் நீ வர வேண்டாம். பரீச்ச முடியட்டும், அப்பறம் ஒரு வாரம் மேலயே தங்கிட்டு வரலாம்."

நான் அழுதேன், ஒரு நாள் சாப்பிடாமல் கூட இருந்தேன். அவள் மசியவில்லை. தீபாவளிக்கு முன்பு ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் தனியாகக் கிளம்பினாள். அதற்குப் பிறகு பல சனிக்கிழமைகள். பொழுது சாய்ந்து வருவாள். நான் புத்தகத்தை மூடிவிட்டு அவள் பின்னாலேயே போய்க் கேட்பேன். அக்கா வீட்டில் நாய் குட்டி போட்டிருக்கிறது என்பாள். சாமை அறுத்துவிட்டார்கள், புளி இந்த வருஷம் அவ்வளவாகக் காய்க்கவில்லை, பையன் கல்லை எடுத்து ஆட்டுக்குட்டி மேல் போடுகிறான் என்பாள். கேட்கக் கேட்க எனக்குப் பொறாமையாக இருக்கும். அம்மா சுகமாக மலையேறுகிறாள், நான் இங்கே வேதியியல் சமன்பாடு போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைப்பேன்.

ஒரு தடவை வந்ததும் வராததுமாகக் கிணற்றடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். என்னம்மா என்றேன்.

"பஸ்ஸு ஏறுனாலே இப்பல்லாம் கொமட்டுது" என்றாள்.

பஸ் ஏறுவதற்காகவே பஸ் ஏறுகிறவள். அவள் சொன்னதை நான் நம்பினேன். இதை நினைத்தால் என் மீதே எனக்கு ஆத்திரம் வருகிறது. வீட்டுக்குள்ளும் முக்காடு போட ஆரம்பித்தாள், குளிர் என்றாள். அதையும் நம்பினேன்.

கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தபோது பள்ளிக்கூட வாசலில் அப்பா நின்றிருந்தார். அவர் என் பள்ளிக்கூடத்துக்கு வந்ததே கிடையாது. "அம்மாவுக்கு ஒடம்பு சொகமில்ல" என்று மட்டும் சொல்லி சேலம் பஸ்ஸில் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் கட்டிலில் கிடந்தவளை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. காலையில் என்னைப் பரீட்சைக்கு அனுப்பிவைத்தபோது போட்டிருந்த முக்காடு இல்லை. தலையில் முடியும் அதிகம் இல்லை. மார்பில் புற்றுநோய் என்று நர்ஸம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துத்தான் அவர் சொன்னார்.

அம்மா கண்ணைத் திறந்து, "பரீச்ச எப்படி எழுதுன?" என்று கேட்டாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்பாதான், "நல்லா எழுதியிருக்குதாம்" என்றார். இன்னும் நாள் இருக்கிறது, கோபம் தணிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மறுநாளிலிருந்து அவளுக்கு நினைவு சரியாக இல்லை. பத்தாம் நாள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து நான் தனியாகச் சித்தேரிக்கு ஏறினேன். மலையில் யாருக்கும் தெரியாதே, அக்காவுக்குச் சொல்ல வேண்டுமே என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று வாக்கியம் கூட மனசுக்குள் சேர்த்து வைத்திருந்தேன். அக்கா களத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். நான் தனியாக வருவதைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"என்னிக்கு?" என்றாள்.

நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

"உங்களுக்கெப்படித் தெரியுங்க்கா?"

அவள் என்னை உட்கார வைத்துச் சொன்னாள். அந்தச் சனிக்கிழமைகளில் அம்மா மலைக்கே வரவில்லை. அக்கா முதல் நாளே இறங்கி அரூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, காலையில் பஸ் ஸ்டாண்டில் அம்மாவுக்காகக் காத்திருப்பாள். இரண்டு பேரும் சேலம் போவார்கள். மருந்து ஏற்றும்போது அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மலைச் செய்தியெல்லாம் பஸ்ஸில் அக்கா சொன்னது. நாய் குட்டி போட்டதும், புளி காய்க்காததும் நிஜம்தான். அம்மா அதைக் கேட்டுவைத்துக்கொண்டு வந்து, தானே பார்த்ததுபோல என்னிடம் சொன்னாள்.

"போற வழியெல்லாம் கேப்பாங்க. வேறென்ன, வேறென்னன்னு. புள்ள கேக்கும், சொல்லணும்பாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க கண்ணு. என் பையன் தலையில."

மருந்து ஏற்றிய ஒரு நாள், நேரே ஊருக்கு வராமல், எங்கோ போகிற பஸ்ஸில் அக்காவை ஏற்றிக்கொண்டு அது நிற்கும் இடம்வரை போய் வந்தார்களாம். ஏற்காடு அடிவாரம் வரைக்கும் என்றாள். நல்லது சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். அதைக் கேட்டதும் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அது என் இடம். ஆறு மாதமாக என் இடத்தில் இவள் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அக்கா களி கிண்டி வைத்திருந்தாள். சாப்பிடாமல் எழுந்து இறங்கிவிட்டேன். பின்னால் கூப்பிட்டுக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தாள். நான் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன். "உங்களுக்கு மொதல்ல இருந்தே தெரியுமா?"

"தெரியும்."

"இன்னும் யாருக்குத் தெரியும்?"

அப்பா மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஹெட்மாஸ்டருக்கு. பக்கத்து வீட்டம்மாவுக்கு. பங்குச் சாமியாருக்கு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மாதங்களில் பூசையில் சாமியார், "நோயில் வாடும் நம் பங்கின் சகோதரி ஒருவருக்காக மன்றாடுவோம்" என்று சொல்வார். எல்லோரோடும் சேர்ந்து நானும், எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று சொல்வேன். அம்மா என் பக்கத்தில் நின்று அதையே சொல்வாள். யாருக்காக வேண்டுகிறோம் என்று தெரியாமல் அந்தச் சர்ச்சில் நின்றது நான் ஒருத்திதான் என்று தோன்றியது.

"சொல்லியிருந்தா நீ பரீச்ச எழுதியிருப்பியா?" என்றார் அப்பா.

"எழுதியிருக்க மாட்டேன்."

"அதுக்குத்தான்."

"அந்தப் பரீச்ச அடுத்த வருசமும் வரும்ப்பா" என்றேன். அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவரும் சொல்ல முடியாமல் ஆறு மாதம் தவித்திருப்பார் என்பதெல்லாம் அன்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் அவரோடு பேசவில்லை. சோறு போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

ரிசல்ட் வந்தது. நல்ல மார்க்தான். டீச்சர் டிரெயினிங் சேர்ந்தேன். அப்பாவோடு பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. முதலில் மாட்டைப் பற்றி, பிறகு மழையைப் பற்றி. அம்மாவைப் பற்றிப் பேச இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. ஒருநாள் அவராகவே, "உங்கம்மா என்னையும்தான் ஏமாத்துனா. பொழச்சுக்குவேன்னு சொன்னா, நான் நம்புனேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அம்மாவின் இரண்டாம் வருஷப் பூசைக்கு அக்கா மலையிலிருந்து இறங்கி வந்தாள். கையில் ஒரு படி சாமை. சர்ச்சுக்குள் வரக் கூச்சப்பட்டு வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். பூசை முடிந்து நான்தான் போய்க் கூப்பிட்டேன். இரண்டு பேரும் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். உங்கள் வழக்கம் என்ன என்று கேட்டாள். ஒரு மெழுகுவத்தியைக் கொடுத்தேன். காற்றில் இரண்டு முறை அணைந்தது. மூன்றாவது முறை கையால் மறைத்துக்கொண்டு ஏற்றினாள். அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"கோவம் போச்சா கண்ணு?" என்று என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"இல்லீங்க்கா."

"எம்மேலயா, அவங்க மேலயா?"

நான் யோசித்துப் பார்த்தேன். "அம்மா மேலதாங்க்கா" என்றேன். அவளிடம் அதைச் சொல்ல முடிந்ததே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வேறு யாரிடமும் சொன்னதில்லை.

"இருக்கட்டும்" என்றாள் அக்கா. "எனக்குந்தான் இருக்குது."

அவள் எழுந்து புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று கூட்டிக்கொண்டு வந்தேன். அன்று அவளுக்கு நான் சோறு போட்டேன். அவள் பையன் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும் கதையைச் சொன்னாள். அப்பா சிரித்தார்.