இறால் வரைபடத்தில் ஒரு வட்டம்

எனக்குச் சந்தேக புத்தி கொஞ்சம் அதிகம். பால்காரர் சொம்பைத் தூக்கினாலே உள்ளே எட்டிப் பார்ப்பேன். தையல்காரரிடம் மிச்சத் துணியை மல்லுக்கட்டித் திருப்பி வாங்குவேன். அப்படிப்பட்டவளுக்கு எழுபதுகளின் தொடக்கத்தில் மீன்துறை ஆபீசில் வாய்த்த வேலை, கண்ணால் பார்க்கவே முடியாத ஒன்றைப் படம் வரைவது. கடலடியில் இறாலும் நண்டும் சிங்கி இறாலும் எங்கெங்கே கிடக்கின்றன, எங்கே அதிகம், எங்கே குறைவு என்று காட்டும் வரைபடம். அதிகமென்றால் பெரிய வட்டம், குறைவென்றால் சின்ன வட்டம், பாறை இருந்தால் பெருக்கல் குறி.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் மீன் என்ற சொல்லே புழங்காது. படத்தை அச்செடுக்கும் அம்மோனியா வாடையோடு சாயங்காலம் வாசல்படி ஏறினால் அம்மா மூக்கைச் சுளிப்பாள்.

"ஆத்துக்குள்ள வரச்சே கையைக் காலை அலம்பிண்டு வாடி. நீ அங்க படம்தான் போடறியா, இல்லே மீன் அலம்பறியா?"

சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து.

ஆபீஸ் படகு கடலில் வலை இழுத்து, கிடைத்ததை எண்ணிக்கொண்டு வந்து கொடுக்கும். அதை வைத்து நான் வட்டம் போடுவேன். சாந்தோமுக்கு நேரெதிரான பகுதிக்குப் போகுமுன் படகின் இன்ஜின் படுத்துவிட்டது. படத்தில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக நின்றது. குப்பத்து ஆட்களிடம் கேட்டு நிரப்பு என்று அதிகாரி என்னை அனுப்பிவிட்டார்.

குப்பத்தில் என்னோடு பேசச் சம்மதித்தவர் ஒருவர்தான். கட்டுமரக்காரர், நாற்பது வயதிருக்கும். தம்பியோடு சேர்ந்து தொழில் செய்தார். நான் கேள்வித் தாளை எடுப்பதற்குள் அவர் கேட்டார்.

"இந்தப் படம் யாருக்கும்மா?"

"ஆபீசுக்கு."

"ஆபீசுக்கு இன்னாத்துக்கு எறா?"

எனக்கு எரிச்சல் வந்தது. பதில் தெரியாத கேள்வி கேட்டால் வரும் எரிச்சல்.

"விசைப்படகுக்காரன் கைல இது கெடைச்சிதுன்னு வையி, அடிசேறு வரைக்கும் வழிச்சினு பூடுவான். எங்க வலையும் சேத்து அறுத்துக்கினு பூடுவான். அப்பால நாங்க இன்னா பண்றது?"

"வெளியில எங்கேயும் போகாது" என்றேன். போகுமா போகாதா என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கடலில் இடம் கண்டுபிடிக்கும் விதத்தை மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். கரையில் இருக்கும் இரண்டு அடையாளங்கள் ஒன்றன் முன் ஒன்றாக வந்தால் ஒரு கோடு. வேறு இரண்டு அப்படி வந்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் வலையைப் போட வேண்டும்.

"மாதா கோயில் கூம்பு பரங்கிமலைக்கு நடுவுல வந்து குந்தணும். தெக்கால பாத்தா பனந்தோப்பு பின்னால மாடி வூடு மறையணும். அங்க சேறு. எறா அங்கதான் கீது. அதுக்கு வடக்கால, கூம்பு மலையோட தெக்கு முனைக்கு வந்துச்சின்னா கீழ பாறை. வலை கந்தலாப் பூடும்."

நான் விடுவேனா? அதே கேள்வியை மூன்று தினுசாகத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். மூன்று தடவையும் பிசகாமல் அதே பதில். பக்கத்தில் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த தம்பி, குனிந்த தலை நிமிராமல் சிரித்துக்கொண்டான். என்னைத்தான் கேலி செய்கிறான் என்று நினைத்துக் கோபத்தோடு எழுந்து வந்தேன். ஆனாலும் அவர் சொன்னபடியே படத்தில் சேற்றுக்குப் பெரிய வட்டமும் அதற்கு வடக்கே பெருக்கல் குறியும் போட்டேன்.

படம் முடியும் தறுவாயில் அதிகாரியின் அறைக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. விசைப்படகுகள் வைத்திருப்பவர் என்று பேச்சிலிருந்தே புரிந்தது. போகும்போது என் மேசையருகே நின்று, தாளின் மேல் விரலை ஓட்டினார்.

"இங்கதானா சார்?"

"இன்னும் முடியலை. அடுத்த வாரம் ஒரு பிரதி எடுத்து வச்சிடறேன்" என்றார் அதிகாரி.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று எல்லோரும் கிளம்பும்வரை காத்திருந்தேன். பிளேடால் அந்தப் பெரிய வட்டத்தைச் சுரண்டி எடுத்தேன். வடக்கே இருந்த பெருக்கல் குறியையும் சுரண்டினேன். சேறு இருந்த இடத்தில் பாறையைப் போட்டேன், பாறை இருந்த இடத்தில் வட்டத்தைப் போட்டேன். போ, போய்ப் பாறையில் வலையைக் கிழித்துக்கொண்டு வா என்று மனதார வாழ்த்தினேன். அன்று பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். வலை கிழிந்த சேதி ஒன்றும் காதில் விழவில்லை. ஒரு சாயங்காலம் நானே குப்பத்துக்குப் போனேன். கடலில் மூன்று விசைப்படகுகள் வரிசையாக நின்றன. கட்டுமரக்காரர் கரையில் ஏற்றிய கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"நேரா வந்து நின்னான்மா. தேடக்கூட இல்ல."

"எங்க?"

"பாறைன்னு சொன்னேனே, அங்க. அங்க பாறையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மொத்த எறாவும் அங்கதான். உன்னாண்ட மாத்திதான் சொன்னேன், மன்னிச்சிக்கோ. ஆபீசுன்னு வந்தா எப்படிம்மா நம்பறது?"

அவர் மாற்றிச் சொன்னதை நான் மறுபடி மாற்றியிருந்தேன். உண்மையான இடத்தை ஒரு அங்குலம் பிசகாமல் வெள்ளைச் சட்டைக்காரர் கையில் கொடுத்திருந்தேன்.

"அப்போ யார் சொல்லியிருப்பா?" என்று என் வாய் கேட்டது. இன்றைக்கு நினைத்தாலும் அந்த வாயில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

"அந்த எடம் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். எனக்கு, என் தம்பிக்கு."

தம்பி சற்றுத் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். இருவருக்கும் பொதுவாக இருந்த வலையைப் பங்கு பிரித்ததில் ஒரு பாதி அவன் காலடியில் கிடந்தது.

"புள்ள தலைல அடிச்சி சத்தியம் பண்றான், நான் சொல்லலன்னு. நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு. யாரும் சொல்லாம விசைப்படகுக்காரன் தானா வந்து நிப்பானா?"

"எனக்குத் தெரியலை" என்றேன்.

தம்பி திரும்பி எங்கள் பக்கம் பார்த்தான். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தை நோக்கி மணலில் வேகமாக நடந்தேன்.